அளக்கத் தெரிந்த பொறியாளர்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குலசேகரப்பட்டினத்தில் உருவாகிவரும் ராக்கெட் ஏவுதளத்தைப் பற்றியும், அதையொட்டித் தென் மாவட்ட மாணவர்கள் எந்தெந்தப் படிப்புகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைப் பற்றியும் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரைகளை ஆர்வத்தோடு படித்தேன். ஏவுகல வடிவமைப்பு, கணினிவழிக் கணக்கீடு, செயற்கை நுண்ணறிவு, ட்ரோன் தொழில்நுட்பம் என்று பல துறைகள் அவற்றில் விரிவாகப் பேசப்பட்டிருந்தன. ஆனால் விமானமும் ராக்கெட்டும் செயற்கைக்கோளும் எப்படி அதிர்கின்றன, எவ்வளவு ஒலியைத் தாங்குகின்றன என்பதை அளந்து ஆராயும் பணி ஒரு வரியில்கூடச் சொல்லப்படவில்லை. அத்தகைய சோதனைக் கூடங்களில் என் பணிக்காலத்தைக் கழித்து, ஓய்வுபெற்றுக் காரைக்குடியில் வசித்துவரும் எனக்கு இந்த விடுபடல் சிறியதாகத் தோன்றவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தேவகோட்டையிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் ஆலோசனை கேட்க வரும் பெற்றோர் பலர், இப்படி ஒரு துறை இருப்பதையே அறியாதவர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கும், நம் வட்டாரத்தின் பொறியியல் கல்லூரிகளை நடத்துவோருக்கும் சேர்த்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குலசேகரப்பட்டினத்திலிருந்து முதன்மையாகப் பறக்கவிருப்பது எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ஏவுகலம். அதன் முதல் பயணம் 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தொடங்கித் தோல்வியில் முடிந்தது. இஓஎஸ்-02 செயற்கைக்கோளையும், நாடெங்கும் உள்ள அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேரின் உழைப்பில் உருவான ஆசாதிசாட் என்னும் சிறு செயற்கைக்கோளையும் அது சுமந்து சென்றது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப்பாதையில் விடப்பட வேண்டியவை, ஒரு முனையில் 356 கிலோமீட்டரும் மறுமுனையில் வெறும் 76 கிலோமீட்டரும் உயரமுள்ள நீள்வட்டப் பாதையில் விடப்பட்டன. 76 கிலோமீட்டரில் காற்றின் தடை இருப்பதால் அவை நிலைத்திருக்க வழியில்லை.

இந்தத் தோல்வியின் காரணம் எரிபொருளிலோ இயந்திரத்திலோ இல்லை. எரிந்து முடிந்த இரண்டாம் நிலைப் பகுதி ஏவுகலத்திலிருந்து பிரிந்த நொடியில் கருவிகள் பொருத்தப்பட்ட தளத்தில் எதிர்பார்த்ததைவிட மிகுந்த அதிர்வு மிகக் குறுகிய நேரத்துக்கு எழுந்தது. ஏவுகலத்தின் வேகத்தையும் திசையையும் கணிக்கும் முடுக்கமானிகள் அந்தச் சில கணங்களுக்குத் தம் அளவெல்லையைக் கடந்துவிட்டன. கணினியில் இருந்த பழுதறியும் நிரல், உணரிகள் கெட்டுவிட்டன என்று முடிவுசெய்து மாற்று வழிக்குத் தாவியது. உணரிகளோ நன்றாகவே இருந்தன. பிறகு நிலைப்பிரிப்பு அமைப்பும் அந்த நிரலும் மாற்றப்பட்டு, 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது ஏவுகலம் வெற்றிகரமாகப் பறந்தது. ஒரு பிரிப்பு அதிர்ச்சி எவ்வளவு வலிமையானது, எந்தெந்த அதிர்வெண்களில் எழுவது, எந்தப் பாதை வழியாக எந்தத் தளத்தை வந்தடைவது என்பவற்றைத் தரையிலேயே அளந்து முழுமையாக அறிந்திருப்பதில்தான் ஒரு பயணத்தின் வெற்றி தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டு வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை.

அளப்பது எளிய வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். உணரியை ஒட்டினால் கணினி எண்ணைத் தந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். உண்மையில், தவறான எண் வருவதற்கான வாய்ப்புகளே அதிகம். அதிர்வை அளக்கும் முடுக்கமானிகளில் பெரும்பாலானவை, அழுத்தத்துக்கு உள்ளாகும்போது மின்னூட்டம் எழுப்பும் படிகங்களைக் கொண்டவை; பியரி கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் 1880-இல் கண்டறிந்த பண்பு அது. அந்த முடுக்கமானியைத் திருகாணியால் இறுக்கிப் பொருத்தினால் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை (நொடிக்கு ஓர் அதிர்வு என்பது ஒரு ஹெர்ட்ஸ்) அது சொல்வதை நம்பலாம். காந்தத்தால் ஒட்டினால் அந்த எல்லை குறைந்துவிடும். கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எடுத்த அளவை ஏறத்தாழ ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் பொருட்படுத்தவே கூடாது. மெல்லிய தகட்டின் மீது கனமான உணரியை வைத்தால், உணரியின் நிறை சேர்ந்து, தட்டினால் தகடு தானாக அதிரும் வேகமாகிய அதன் இயல்பு அதிர்வெண்ணே கீழிறங்கிவிடும். நாம் அளப்பது தகட்டை அல்ல, தகடும் உணரியும் சேர்ந்த வேறொரு பொருளை. அதனால்தான் சூரியப் பலகை போன்ற இலேசான உறுப்புகளில், தொடாமலே லேசர் ஒளியால் அதிர்வை அளக்கும் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். உணரியிலிருந்து வரும் கம்பியைச் சரியாக ஒட்டாமல் ஆடவிட்டால், கம்பியின் ஆட்டமே ஒரு குறிகையாகப் பதிவாகும். இவற்றில் எதையும் எந்த மென்பொருளும் பிறகு வந்து திருத்தாது.

அடுத்த இடர் மாதிரி எடுப்பதில் இருக்கிறது. தொடர்ச்சியாக மாறும் மின்னழுத்தத்தை நொடிக்கு இத்தனை முறை என்று எண்களாக மாற்றித்தான் கணினிக்குள் கொண்டுவருகிறோம். அளக்க வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்பது பாடநூல் விதி. நொடிக்கு 1,000 மாதிரிகள் எடுக்கும் கருவியில் 900 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்று நுழைந்தால், திரையில் அது 100 ஹெர்ட்ஸ் அதிர்வாகத் தோன்றும். உண்மையிலேயே 100 ஹெர்ட்ஸில் அதிரும் ஒன்றுக்கும் இந்தப் போலிக்கும் பதிவில் எந்த வேறுபாடும் இருக்காது. ஆகவே எண்ணாக மாற்றுவதற்கு முன்னரே, மின்சுற்றில் ஒரு வடிகட்டியை வைத்து உயர்ந்த அதிர்வெண்களை நிறுத்திவிட வேண்டும். இதைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவர்கள்கூட, ஒரு கருவியை முன்னால் வைத்து இதில் அந்த வடிகட்டி இருக்கிறதா, எந்த அதிர்வெண்ணில் அது வெட்டுகிறது என்று கேட்டால் திகைத்து நிற்பதை நேர்முகத் தேர்வுகளில் கண்டு வருந்தியிருக்கிறேன். அவர்கள் மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை. கருவியைத் தொடும் வாய்ப்பையே அவர்களுக்கு யாரும் தரவில்லை.

கூலி, டூக்கி ஆகிய இருவரும் 1965-இல் வெளியிட்ட விரைவு ஃபூரியே கணக்குமுறை வந்தபிறகு, காலத்தோடு மாறும் பதிவை அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் பார்ப்பது நொடி நேர வேலையாகிவிட்டது. அதன் பயன் அளவிடற்கரியது. ஆனால் பத்து நொடிப் பதிவிலிருந்து 0.1 ஹெர்ட்ஸைவிட நெருங்கிய இரண்டு அதிர்வெண்களைப் பிரித்தறிய முடியாது என்பதும், ராக்கெட் எரியும்போது எழும் ஒழுங்கற்ற அதிர்வுக்கு ஏற்ற பகுப்பாய்வு முறை, நிலைகள் பிரியும்போது சில மில்லி நொடிகளே நீடிக்கும் அதிர்ச்சிக்குப் பொருந்தாது என்பதும் தெரிந்தவர் கையில்தான் அந்தக் கணக்குமுறை உதவும். நிறமாலை வரைபடத்துக்குப் போவதற்கு முன்னால் மூலப் பதிவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரிடமும் வற்புறுத்தி வந்திருக்கிறேன். உச்சி தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் உணரி எல்லையைக் கடந்துவிட்டது என்று மூலப் பதிவு ஒரு பார்வையில் காட்டிவிடும். நிறமாலையில் அது மறைந்து போகும்.

ஒலியைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நாளிதழ்களில் மிகத் தாறுமாறாக அச்சாகும் அளவு டெசிபல்தான். 20 மைக்ரோபாஸ்கல் என்னும் மிகச் சிறிய அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்ட மடக்கை அளவு அது. 120 டெசிபலிலிருந்து 140 டெசிபலுக்கு உயர்வது ஆறில் ஒரு பங்கு கூடுவது அன்று; ஒலி அழுத்தம் பத்து மடங்காகிறது, அதாவது 20 பாஸ்கல் 200 பாஸ்கலாகிறது. செயற்கைக்கோளை மூடியிருக்கும் ஏவுகலத்தின் முகப்புக் கவசத்துக்குள் புறப்படும் நேரத்தில் ஏறத்தாழ 140 டெசிபல் அளவிலான ஒலி நிலவுவது வழக்கம். 200 பாஸ்கல் என்பது, ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள சூரியப் பலகையின் மீது ஏறக்குறைய 20 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை, நொடிக்குப் பத்துகளிலிருந்து ஆயிரங்கள் வரையான வேகங்களில் திசை மாறி மாறித் தாக்குவதற்கு ஒப்பானது. கனமான பெட்டிகளுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. அகன்று, இலேசாக, மெலிந்து இருக்கும் சூரியப் பலகைகளும் ஆண்டெனாத் தட்டுகளுமே முதலில் பாதிக்கப்படுபவை. பெரிய ஏவுதளங்களில் புறப்படும் கணத்தில் பெருவெள்ளம்போல் நீரைப் பாய்ச்சுவதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று இந்த ஒலியைத் தணிப்பதுதான். தொலைக்காட்சியில் எழும் வெண்புகையைப் பார்க்கும் மாணவர்களுக்கு இதை ஆசிரியர்கள் எடுத்துச் சொல்லலாம்.

இத்தகைய ஒலியைத் தரையிலேயே உண்டாக்கிச் சோதிப்பதற்கு எதிரொலிக்கும் தடித்த சுவர்களைக் கொண்ட பெரிய அறைகள் இருக்கின்றன. நைட்ரஜன் வாயுவைப் பாய்ச்சி, அதன் ஓட்டத்தைத் துரிதமாகத் திறந்து மூடும் கருவிகளின் வழியே ஊதுகொம்புகளில் ஒலியெழுப்பி, அறைக்குள் பல இடங்களில் ஒலிவாங்கிகளை வைத்து அளவை ஒழுங்குபடுத்துவார்கள். பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகத்தில் அத்தகைய கூடம் ஒன்று உண்டு. இஸ்ரோவின் ஏவுகல உறுப்புகளும் செயற்கைக்கோள்களும் அங்கே சோதிக்கப்பட்டு வந்துள்ளன. 1959-இல் தொடங்கப்பட்ட அந்த ஆய்வகமும், நம் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் ஒரே தாய் நிறுவனத்தின், அதாவது அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றத்தின், பிள்ளைகள். இந்த உறவை நம் கல்லூரிகள் இன்னும் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது என் நெடுநாள் எண்ணம்.

விமானங்களின் பக்கம் திரும்பினால், அதிர்வை அளக்கக் கற்றது பெருந்துயரங்களின் வழியாகத்தான். லாக்ஹீட் எலெக்ட்ரா என்னும் அமெரிக்கப் பயணிகள் விமானம் 1959 செப்டம்பரிலும் 1960 மார்ச்சிலும் நடுவானில் இறக்கை பிய்ந்து விழுந்தது. முதல் விபத்தில் 34 பேரும் இரண்டாவதில் 63 பேரும் மாண்டனர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இயந்திரத்தைத் தாங்கும் பிடிமானத்தின் விறைப்பு குறைந்துபோனால், சுழலும் புரொப்பெல்லர் பம்பரத் தலைபோல் வட்டமிட்டு ஆடத் தொடங்கும் என்பதும், அந்த ஆட்டத்தின் அதிர்வெண் இறக்கையின் இயல்பு அதிர்வெண்ணை நெருங்கும்போது இரண்டும் ஒன்றையொன்று வளர்த்து இறக்கையையே முறித்துவிடும் என்பதும் விசாரணையிலும் காற்றுச் சுரங்கச் சோதனைகளிலும் தெரியவந்தன. புதிய விமானம் ஒன்று பறப்பதற்கு முன்னால் அதை மென்மையான தாங்கிகளின் மீது நிறுத்தி, உடலெங்கும் முடுக்கமானிகளை ஒட்டி, ஷேக்கர் என்று துறையினர் அழைக்கும் அதிர்வூட்டும் கருவிகளால் மெல்ல ஆட்டி, ஒவ்வோர் இயல்பு அதிர்வெண்ணையும் அதன் தணிப்பையும், அதாவது அந்த ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதையும், குறித்துக்கொள்ளும் தரை அதிர்வுச் சோதனை கட்டாயமாக இருப்பது படர்நடுக்கம் எனப்படும், தானே வளர்ந்துகொண்டு போகும் இத்தகைய ஆட்டத்துக்கு அஞ்சியே. கணினிக் கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், தணிப்பின் அளவை அது நம்பத்தக்க முறையில் தருவதில்லை. அது அளந்து பெற வேண்டிய எண்.

ஹெலிகாப்டர்களிலும் இதே கதைதான். 1986 நவம்பர் 6 அன்று ஸ்காட்லாந்துக்கு வடக்கே சம்பர்க் அருகில் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளரை ஏற்றிவந்த சினூக் ஹெலிகாப்டரில் ஒரு பற்சக்கரம் உடைந்து, முன் சுழலியும் பின் சுழலியும் ஒன்றோடொன்று மோதி, 45 பேர் இறந்தனர். அதன் பின்னர்தான் பற்சக்கரப் பெட்டிகளின் அதிர்வைப் பறக்கும்போதே பதிந்து, ஒவ்வொரு பல்லும் கடிக்கும் ஒழுங்கில் ஏற்படும் மாற்றத்தை ஆராயும் கருவிகள் வட கடல் ஹெலிகாப்டர்களில் 1990-களில் இடம்பெற்றன. அவை பல உயிர்களைக் காத்திருக்கின்றன. ஆயினும் 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயில் தூரோய் தீவருகே எச்225 ஹெலிகாப்டரின் பற்சக்கரம் ஒன்று உலோகச் சோர்வால் பிளந்து, சுழலி முழுவதும் கழன்று, 13 பேர் மாண்டபோது, அதிர்வுப் பதிவு முன்னெச்சரிக்கை எதையும் தரவில்லை. விரிசல் வளர்ந்த இடத்திலிருந்து உணரி இருந்த இடத்துக்கு அதன் அடையாளம் வந்து சேரவில்லை. செயற்கை நுண்ணறிவு எல்லாப் பழுதுகளையும் முன்கூட்டியே சொல்லிவிடும் என்று தங்கள் கட்டுரைகளில் ஒன்று நம்பிக்கையோடு கூறியிருந்தது. உணரியை வந்தடையாத செய்தியை எந்த அறிவும் படித்துவிட முடியாது என்பதை மாணவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்துகொள்வது நல்லது.

ஆத்தங்குடிக் கல் பதித்த கொத்தனார், தளத்தை விரல் முட்டியால் தட்டித் தட்டி ஓசை மாறும் இடத்தில் அடியில் கலவை பிடிக்கவில்லை என்று கண்டுபிடிப்பதை நம் வட்டாரத்தில் பார்க்காதவர் குறைவு. விமானத்தின் கலப்புப்பொருள் உறுப்புகளில் அடுக்குகள் பிரிந்துபோன இடத்தை நாணயத்தால் தட்டி ஓசையைக் கொண்டு அறியும் முறை பராமரிப்புப் பணிமனைகளில் இன்றும் இருக்கிறது. அந்தக் காதின் தேர்ச்சியை நான் மிகவும் மதிக்கிறேன். அதை எண்ணாகப் பதிந்து, இன்னோர் ஊரில் இன்னொருவர் மீண்டும் செய்து சரிபார்க்கும்படி ஆக்குவதே பொறியியல் அதனோடு சேர்ப்பது.

இனி நம் ஊரின் செய்திக்கு வருகிறேன். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் காரைக்குடிக்கு ஒரு தேசிய ஆய்வகம் வந்தது. 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1952-இல் அதே வள்ளலின் பெயரால் பொறியியல் கல்லூரியும் வந்தது. செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று பயனின்றிக் கிடக்கிறது. அதைப் புதுப்பிக்க வேண்டும் என்ற கோரிக்கையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அது அரசின் முடிவுக்கும் பெரும் நிதிக்கும் காத்திருக்க வேண்டிய காரியம். அதிர்வு, ஒலி அளவீட்டுக்கான ஒரு நல்ல ஆய்வுக்கூடம் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. விசையை அளக்கும் முனை கொண்ட ஒரு சுத்தியல், நாலைந்து முடுக்கமானிகள், ஒரு சிறிய ஷேக்கர், வடிகட்டியோடு கூடிய பதிவுக் கருவி, ஓர் அளவீட்டு ஒலிவாங்கி, 1,000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் ஒலியைத் துல்லியமாகத் தந்து அந்த ஒலிவாங்கியைச் சரிபார்க்கும் சிறு கருவி ஆகியவை இருந்தால் போதும். நம் ஊர்களில் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் மனம் வைத்தால் முடியாத செலவன்று இது.

அதுவரைக்கும் மாணவர்களின் கைப்பேசியில் உள்ள முடுக்கமானியைக் கொண்டே தொடங்கலாம். சில பத்து ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட அதிர்வுகளை அறிய அது ஓரளவு உதவும்.

எல்லாக் கல்லூரிகளிலும் உள்ள ஓர் எளிய சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுப் பட்டையை ஒரு முனையில் இறுகப் பிடித்து, 500 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெளியே நீட்டித் தட்டினால், கணக்கின்படி அது ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸில் அதிர வேண்டும்; இரண்டாம் வகை அதிர்வு 102 ஹெர்ட்ஸை ஒட்டி வர வேண்டும். அளந்து பார்த்தால் பெரும்பாலும் கணக்கைவிடக் குறைவாகத்தான் வரும். பிடிப்பு முழு இறுக்கமாக இல்லாதது ஒரு காரணம், உணரியின் நிறை இன்னொரு காரணம். இந்த வேறுபாட்டில்தான் கல்வி இருக்கிறது. ஆனால் சில கல்லூரிகளில் நான் கண்ட பதிவேடுகளில், அளந்த எண் கணக்கிட்ட எண்ணோடு தசமப் புள்ளி வரை பொருந்தியிருந்தது. மாணவர்கள் மதிப்பெண்ணுக்கு அஞ்சி, வந்த எண்ணை அழித்துவிட்டு வர வேண்டிய எண்ணை எழுதியிருந்தார்கள். அப்படிப் பழகிய கை நாளை ஒரு செயற்கைக்கோளின் சோதனை அறிக்கையை எழுதப்போகிறது என்பதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

வேலைவாய்ப்பு பற்றிக் கேட்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். வான்வெளித் துறையில் இடங்கள் குறைவுதான். ஆனால் அதிர்வை அளக்கத் தெரிந்தவர் முப்பந்தலின் காற்றாலைகளுக்கும், ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கும், அனல்மின் நிலையத்தின் சுழலிகளுக்கும், வாகன ஆலைகளுக்கும் தேவைப்படுகிறார். இந்தப் படிப்பு வீணாகாது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். டெசிபல் அளவை அச்சிடும் செய்திகளில், ஒலி மூலத்திலிருந்து எவ்வளவு தொலைவில் அளந்தது என்பதையும் சேர்த்து வெளியிடும்படி தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். தொலைவு சொல்லாத டெசிபல் எண்ணால் வாசகருக்குப் பயனில்லை. அடுத்து, கல்வி மலரில் கல்லூரிகளைப் பற்றி எழுதும்போது, அங்கே எத்தனை கணினிகள் உள்ளன என்பதோடு, மாணவர் தம் கையால் தொட்டுப் பயன்படுத்தும் அளவீட்டுக் கருவிகள் என்னென்ன உள்ளன, அவை கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டன என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் நான் வைக்கும் கோரிக்கை செலவில்லாதது. அடுத்த பருவத்திலிருந்து ஆய்வகப் பதிவேட்டில் கணக்கிட்ட எண்ணுக்கு ஒரு கட்டமும், அளந்த எண்ணுக்கு வேறொரு கட்டமும், இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று மாணவர் தம் சொற்களில் எழுத அரைப் பக்கமும் ஒதுக்குங்கள். மதிப்பெண்ணில் பாதியை அந்த அரைப் பக்கத்துக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அதிர்வுச் சோதனைப் பொறியாளர்,
காரைக்குடி.